புதுக் கப்பலில் மத்தியதரைக் கடல்: முதல்முறை போகிறவர்களுக்கு

விளம்பரத்தில் நீங்கள் பார்க்கிற நீச்சல்குளத்தில் இதுவரை யாரும் குளித்திருக்க மாட்டார்கள். பல சமயம் அந்தக் குளமே இன்னும் கட்டப்பட்டிருக்காது. புதுக் கப்பலுக்கான டிக்கெட்டை ஒன்றரை, இரண்டு வருடம் முன்னதாகவே விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். படத்தில் இருப்பது கம்ப்யூட்டரில் வரைந்தது. அஸ்திவாரம் போடும் முன்பே பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. சொன்ன தேதிக்குச் சாவி வந்துவிடும் என்று நம்பி வாடகை வீட்டைக் காலி செய்யக்கூடாது இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும்.

நானும் மனைவியும் 71 வயது அம்மாவும் மேற்கு மத்தியதரைக் கடலில் ஏழு இரவுப் பயணம் போனபோது எங்கள் கப்பலுக்கு வயது ஐந்து மாதம். அந்த ஒரு வாரத்துக்காகப் பத்து மாதம் படித்ததும், அங்கே போய்ப் பட்டதும்தான் கீழே இருக்கின்றன.

முதல் பயணத்தில் ஏறாதீர்கள்

புதுக் கப்பலின் கன்னிப் பயணத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். முதல் காரணம் தேதி. கோஸ்டா ஸ்மெரால்டா 2019 அக்டோபரில் பயணிகளை ஏற்றியிருக்க வேண்டும்; டிசம்பர் 21-ல்தான் கிளம்பியது. சன் பிரின்சஸ் 2024 பிப்ரவரி 8 என்று அறிவித்து, பிப்ரவரி 28-ல் தொடங்கியது. அதன் தங்கைக் கப்பல் ஸ்டார் பிரின்சஸ் 2025 ஆகஸ்ட் 4-க்குப் பதில் அக்டோபர் 4. கப்பல் கட்டுவது அவ்வளவு பெரிய வேலை, தாமதம் ஆகத்தான் செய்யும். ரத்தானால் கப்பல் டிக்கெட் பணத்தைக் கம்பெனி திருப்பித் தரும், அடுத்த பயணத்துக்குக் கொஞ்சம் சலுகையும் தரக்கூடும். நீங்கள் தனியாக வாங்கிய விமான டிக்கெட்டும், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய லீவும் உங்கள் பாடு.

இரண்டாவது காரணம் ஆட்கள். கப்பல் உங்களுக்கு மட்டும் புதிதில்லை, அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் புதிதுதான். எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட பையன், சலவைத் துணி எந்த லிஃப்டில் போகும் என்பதைக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆனதாகச் சொன்னான். முதல் சில வாரங்களில் ஒரு ரெஸ்டாரன்ட் திறக்காமல் இருக்கலாம், சறுக்கு விளையாட்டில் “விரைவில்” என்ற பலகை தொங்கலாம். அதனால் கப்பல் தொடங்கி மூன்று, நான்கு மாதம் கழித்து ஒரு தேதி பாருங்கள். புதுசின் பளபளப்பு அப்படியே இருக்கும், தடுமாற்றம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். விலையும் தொடக்க வாரங்களைவிடச் சற்று இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

கப்பலைப் பார்க்கும் முன் வட்டத்தைப் பாருங்கள்

மத்தியதரைக் கடல் பயணம் என்றால் பெரிதாக இரண்டு வகை. மேற்கு வட்டம் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், மால்டா பக்கம் சுற்றும். கிழக்கு வட்டம் கிரேக்கத் தீவுகள், குரோஷியா, மாண்டெனெக்ரோ, துருக்கி என்று போகும். முதல்முறைக்கு நான் மேற்கைத்தான் சொல்வேன். விசா எளிது. கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், இறங்கி நடந்தே ஊருக்குள் போய்விடக்கூடிய துறைமுகங்கள் பல உண்டு. கிழக்கில் சாண்டோரினி போன்ற இடத்தில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே தள்ளி நிற்கும். சின்னப் படகில் கரைக்குப் போய், மலை மேல் இருக்கும் ஃபிரா ஊருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும். இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். ஒரே நாளில் பல கப்பல்கள் வந்துவிட்டால் கேபிள் கார் வரிசை திருப்பதி கியூதான். நெரிசல் பொறுக்காமல்தான் 2025 முதல் அந்தத் தீவில் ஒரு நாளைக்குக் கப்பல் பயணிகள் 8,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். சாண்டோரினி, மைக்கனோஸ் இரண்டிலும் கோடைக்காலத்தில் இறங்குவதற்குத் தலைக்கு 20 யூரோ வரியும் உண்டு.

மேற்கு வட்டத்துக்கு ஓர் உதாரணம் எம்எஸ்சி வேர்ல்ட் யூரோப்பா. பிரான்சின் செயின்ட் நசேர் தளத்தில் கட்டி 2022 அக்டோபரில் ஒப்படைத்த கப்பல். நீளம் 333 மீட்டர், 22 அடுக்கு, ஆறாயிரத்துக்கு மேல் பயணிகள். மத்தியதரைக் கடலுக்கு வந்ததும் அது சுற்றிய வட்டம்: இத்தாலியில் ஜெனோவா, நேபிள்ஸ், மெசினா, மால்டாவில் வலெட்டா, ஒரு நாள் முழுக்கக் கடல், ஸ்பெயினில் பார்சிலோனா, பிரான்சில் மார்சே, மறுபடி ஜெனோவா. இந்த மாதிரிப் பயணங்களில் ஒரு விசேஷம், ஒரே ஊரில் எல்லோரும் ஏறி இறங்குவதில்லை. ஜெனோவாவில் சிலர், நேபிள்ஸில் சிலர், பார்சிலோனாவில் சிலர் என்று வட்டப் பேருந்து மாதிரி ஏறிக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்குக் கடைசி நாளாக இருப்பது பக்கத்து மேசைக்காரருக்கு மூன்றாம் நாள். இதில் லாபம் என்னவென்றால், எந்த ஊருக்கு விமானம் மலிவோ அங்கே ஏறிக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே நாளில் கூடிக் குதூகலிக்கும் “கிளம்புகிறோம்” உற்சாகம் மட்டும் குறைவு.

இன்னொன்று, பயணத் திட்டத்தில் பிராக்கெட்டுக்குள் இருக்கும் ஊர்ப் பெயரைத் தவறாமல் படியுங்கள். ரோம் என்று பெரிதாகப் போட்டு, பிராக்கெட்டுக்குள் சிவிட்டாவெக்கியா என்று இருக்கும். அங்கிருந்து ரோம் சுமார் 75 கிலோமீட்டர். ஃபிளாரன்ஸ் என்றால் கப்பல் நிற்பது லிவோர்னோ, ரயிலில் ஒன்றரை மணி நேரம். வெனிஸ்தான் பெரிய ஏமாற்றம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் போக முடியாது. சில கப்பல்கள் மார்கேராவில் நிற்கின்றன, சில ராவென்னாவிலேயே நின்றுவிடுகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸ் போய்வர பஸ்ஸிலேயே நாலைந்து மணி நேரம் கரைந்துவிடும்.

மாதம்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, இல்லையென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக்கு மே மாதம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும். விலையும் கூட்டமும் உச்சம். சென்னை வெயிலைப் பார்த்த நமக்கு ரோம் வெயில் என்ன என்று நினைக்கலாம். சென்னையில் மதியம் 12 மணிக்குக் கருங்கல் தரையில் ஒரு மணி நேரம் நாம் வரிசையில் நிற்பதில்லை, அங்கே நிற்போம். அதோடு அந்த இரண்டு மாதமும் கிரேக்கத் தீவுகள் இருக்கும் ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். படகில் இறங்க வேண்டிய தீவுகளைக் கேப்டன் ரத்து செய்வது அப்போது சகஜம்.

அறை

ஜன்னல் இல்லாத உள் அறை, கடல் பார்க்கும் ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கு மேல் சூட். மேற்கு வட்டத்தில் நாள் முழுக்க ஊரில் அலைவீர்கள், அறைக்குத் தூங்கத்தான் வருவீர்கள் என்றால் உள் அறை போதும். ஆனால் பெரியவர்கள் கூட வந்தால் பால்கனிக்குச் செலவு செய்யலாம் என்பது என் கட்சி. அம்மா இரண்டு துறைமுகங்களில் இறங்கவே இல்லை. காபியோடு பால்கனியில் உட்கார்ந்து, கீழே லாரிகள் காய்கறி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதானாம்.

இடம் முக்கியம். கப்பலின் நடுப்பகுதி, கீழ் அடுக்குகள்: ஆட்டம் குறைவு. பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இறக்கைபோல நீட்டும் ஸ்டெபிலைசர் இருப்பதால் பெரும்பாலான நாள் ஆடுவதே தெரியாது. மார்சே பக்கம் மிஸ்ட்ரால் காற்று அடிக்கும் நாளில் தெரியும். தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு இங்கிருந்தே வாங்கிப் போங்கள். அடுக்கு வரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே தியேட்டர் இருந்தால் இரவு முழுக்கத் தும் தும். பழைய கப்பலென்றால் அறை எண்ணைப் போட்டுத் தேடினால் யாராவது எடுத்த வீடியோவே கிடைக்கும். புதுக் கப்பலில் அது கிடையாது. அதே வகையில் முன்னால் வந்த அக்கா கப்பல் இருந்தால் அதன் வீடியோக்களைப் பாருங்கள், அமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

விசா

இதைக் கவனமாகப் படியுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் இரண்டுக்கும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) கட்டாயம். கப்பலிலேயே தூங்குகிறோம், ஊரில் தங்கவில்லையே என்ற வாதம் செல்லாது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அதிக நாள் இருக்கும் நாட்டுக்கு. நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. மேலே சொன்ன வட்டத்தில் ஜெனோவாவில் ஏறினால் இத்தாலியில்தான் அதிகத் துறைமுகங்கள், ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான், அதனால் இத்தாலி. பார்சிலோனாவில் ஏறி, முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் அங்கே தங்கினால் கணக்கு மாறும். ஒரு காகிதத்தில் நாள்வாரியாக எழுதி எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தோடு அந்தக் காகிதத்தையும் தட்டச்சு செய்து வைத்தோம், கேள்வியே வரவில்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். அந்தக் கடைசி வரம்பை மறந்துவிடுங்கள். கோடைக்கு முன் விசா மையங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள்வரை இழுக்கவும் விதி இடம் கொடுக்கிறது. நான்கு மாதம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கப்பல் பயணத்தையும் சேர்த்துக் கொள்கிற பாலிசியா என்று கேட்டு வாங்குங்கள். கப்பல் டாக்டர் பார்த்தால் பில் நேராக உங்கள் கணக்குக்கு வரும்.

“மல்டிபிள்” விசா கேளுங்கள். கப்பல் துருக்கியின் குஷாதாசிக்கோ மாண்டெனெக்ரோவின் கோட்டோருக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்பினால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசாவோடு வந்தால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். குரோஷியாவைப் பற்றிப் பயம் வேண்டாம், 2023 ஜனவரி முதல் அதுவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. துருக்கிக்கு, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருக்கும் இந்தியர்கள் ஆன்லைனில் இ-விசா எடுக்கலாம்.

2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அங்கே கூடுதலாக நேரம் பிடிக்கும். இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

விமானமும் பணமும்

கப்பல் கிளம்பும் நாளன்று போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே அந்த ஊரில் இருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் அதைத் துரத்திக்கொண்டு அடுத்த துறைமுகத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஜெனோவாவின் கப்பல் நிலையம் பியாட்சா பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மிலானில் இறங்கி ரயிலில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். திரும்பும் நாள் விமானம் மதியத்துக்குப் பிறகு இருக்கட்டும். தொடக்க மாதங்களில் போகிறீர்கள் என்றால் விமான டிக்கெட் ரத்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கொஞ்சம் விலை கூடத்தான். அந்தக் கூடுதலைக் கப்பல் கட்டணத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் விலையில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பெரும்பாலான நிகழ்ச்சிகள் அடங்கும். அடங்காதவை: ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் (தலைக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது யூரோ அல்லது டாலர் வரை, கம்பெனியைப் பொறுத்து), மது, ஜூஸ், வைஃபை, தனி ரெஸ்டாரன்ட்கள், ஊர் சுற்றும் டூர்கள். சில ஐரோப்பியக் கம்பெனிகளில் ரெஸ்டாரன்ட்டில் பாட்டில் தண்ணீருக்கும் காசு. நம் ஆட்களுக்கு அது முதல் நாளே ரத்த அழுத்தத்தை ஏற்றும். மது குடிக்காதவர்கள் பெரிய பானப் பேக்கேஜை வாங்க வேண்டாம். தண்ணீர், காபி, ஜூஸ் மட்டும் உள்ள சின்னது இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். ரசீதைப் பத்திரப்படுத்தினால் வருமான வரித் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சூடுபட்டேன். நடுக்கடலில் கப்பலுக்கென்று ஒரு செல்போன் நெட்வொர்க் இருக்கிறது, போன் தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவுக்கு வாங்கிய இ-சிம் அங்கே செல்லாது; வழக்கமான சிம்மில் ரோமிங் ஆன் ஆகியிருந்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். கப்பல் கிளம்பியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபை மட்டும் ஆன் செய்யுங்கள்.

காத்திருக்கும் மாதங்கள்

புதுக் கப்பலுக்குப் பதிவு செய்வதில் உண்மையான சுகம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பல் வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உலர் தளத்தில் தண்ணீர் விட்டு முதன்முதலாக மிதக்கவிடுவது, உச்சிக் கம்பம் நிறுத்தும்போது அதன் அடியில் நாணயம் வைக்கும் பழைய சடங்கு (நாம் நிலைவாசலுக்கு அடியில் வைப்போமே, அதேதான்), கடல் சோதனை ஓட்டம், ஒப்படைப்பு, பெயர் சூட்டு விழா. இந்தக் கட்டங்கள் நடந்த தேதிகளை வைத்துக் கப்பல் சொன்ன நேரத்துக்கு வருமா என்று நீங்களே கணிக்கலாம். ஒப்படைப்பு தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால் முதல் சில பயணங்களுக்கு ஆபத்து. ஓடத் தொடங்கியபின் மரைன் டிராஃபிக் ஆப்பில் கப்பலின் பெயரைப் போட்டால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும். எங்கள் வீட்டில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மா “இப்போ எங்கடா நிக்குது?” என்று கேட்காமல் தூங்கமாட்டார். ஒரு கப்பல் தினமும் சொன்ன நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் நுழைகிறதா என்பதை நான்கு வாரம் கவனித்ததில், எந்த ஊரில் எத்தனை மணிக்கு உண்மையில் இறங்க முடியும் என்று கைவசம் ஒரு கணக்கு வந்துவிட்டது.

அதோடு செய்யவேண்டிய உருப்படியான வேலை: கம்பெனியின் ஆப்பை இறக்கி, இரவு நிகழ்ச்சிகளுக்கும் தனி ரெஸ்டாரன்ட்டுக்கும் முன்பதிவு எப்போது திறக்கிறது என்று பாருங்கள். ஆறாயிரம் பேர் ஏறும் கப்பலில் தியேட்டர் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான். புதுக் கப்பலில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசை. ஏறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் இடம் இருக்காது.

பெட்டியும் சாப்பாடும்

எலெக்ட்ரிக் கெட்டில், குட்டிக் குக்கர், இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தீ அபாயம் என்று ஸ்கேனில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் கொடுப்பார்கள். ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய்ப் பாட்டில், பன்னீர் வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் பிரச்சினை இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே இந்தியச் சைவ உணவு என்று எழுதச் சொல்லுங்கள். ஏறிய முதல் நாள் இரவு ரெஸ்டாரன்ட்டின் தலைமைச் சர்வரைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். முதல்முறை சொன்னது கம்ப்யூட்டரில்தான் இருக்கும், சமையலறைக்குப் போயிருக்காது. மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, எதில் என்ன மாற்றலாம் என்று பேசிவிடுவார்கள். பெரும்பாலான கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் கப்பலின் சமையல்காரர் கொடுத்த பருப்பு வட இந்தியப் பருப்புதான், ஆனால் ஐந்தாம் நாள் அதைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சம் பார்சிலோனாவுக்குக்கூட வரவில்லை. பஃபேயில் சாதமும் தயிரும் பெரும்பாலும் கிடைக்கும். ஊறுகாய் மட்டும் உங்கள் பொறுப்பு. இத்தாலியில் வெளியே சாப்பிடும்போது இரண்டு வார்த்தை போதும்: “சென்ட்சா கார்னே” என்றால் இறைச்சி வேண்டாம், “சென்ட்சா பெஷே” என்றால் மீன் வேண்டாம். வெறும் “வெஜிடேரியன்” என்றால் நெத்திலியை விட்டுவிடுவார்கள் என்று உத்தரவாதம் இல்லை.

ஏறும் நாள்

பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைக்கு அனுப்புவார்கள். மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி: ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்ட வேண்டும். அலட்சியம் வேண்டாம். 2012 ஜனவரி 13 இரவு ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சி மறுநாள்தான் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்பே பயிற்சி என்று விதி இறுகியது.

புதுக் கப்பலில் முதல் இரண்டு நாள் சின்னச் சின்னக் குறைகள் வரும். எங்கள் குளியலறைக் கதவு பூட்டவில்லை, டிவி ஜெர்மன் மட்டும் பேசியது, ஒரு வராந்தாவில் இன்னும் பெயின்ட் வாசனை. முகம் சுளிக்காமல் வரவேற்பு மேசையில் உடனே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் மொத்தமாகப் புகார் சொல்வதில் யாருக்கும் பயன் இல்லை. எங்கள் கதவை அரை மணி நேரத்தில் சரிசெய்தார்கள், டிவி கடைசிவரை ஜெர்மன்தான்.

துறைமுகங்கள்

கப்பல் கிளம்பும் நேரம் வேறு, நீங்கள் ஏற வேண்டிய கடைசி நேரம் வேறு. பின்னது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். கம்பெனி டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் காத்திருக்காது. சொந்தமாகப் போவதுதான் மலிவு, சுகமும்கூட. ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாசலில் இருப்பதாகத் திட்டமிடுங்கள்.

நேபிள்ஸில் கப்பல் ஊரின் மடியிலேயே நிற்கும். கரிபால்டி நிலையத்திலிருந்து சர்க்கும்வெசுவியானா ரயிலில் பாம்பேய் அரை மணிக்குச் சற்று மேல். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊர், நிழல் குறைவு, காலையிலேயே போங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். முன்னதாக ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும்.

மெசினாவை எல்லோரும் தாவோர்மினா என்ற மலை ஊருக்குப் போகும் வாசலாக மட்டும் நினைக்கிறார்கள். கப்பலிலிருந்து பத்து நிமிட நடையில் கதீட்ரல். அதன் மணிக்கூண்டில் 12 மணிக்குச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும், பொம்மைகள் சுற்றும். 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர் அது, கட்டடங்கள் புதிதாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். முழங்கால் வலியோடு வருகிறவர்களுக்கு இந்த ஒரு துறைமுகம் போதும். 11:45-க்கே சதுக்கத்தில் இடம் பிடியுங்கள்.

வலெட்டாவுக்குக் கப்பல் நுழையும் நேரம் விடிகாலையானாலும் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். தேன் நிறக் கோட்டைச் சுவர்கள் இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் வருவது போல இருக்கும். படி ஏற வேண்டாம். கரையிலிருந்து 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று நேராக மேல் பராக்கா தோட்டத்தில் விடும். அங்கே 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள்.

பார்சிலோனாவில் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு டிக்கெட் நேரம் குறித்து ஆன்லைனில்தான். வாசலில் போய் நின்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை. ராம்ப்ளா தெருவில் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மார்சேயில் கப்பல் நிலையம் பழைய துறைமுகத்திலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், ஷட்டில் பஸ் பிடியுங்கள்.

கடைசி இரவு

கணக்கை இரவே ஆப்பில் பார்த்துவிடுங்கள். குடிக்காத ஒரு பீர் எங்கள் பில்லில் இருந்தது. இரவே போனதால் ஐந்து நிமிடத்தில் நீக்கினார்கள், காலையில் அதே மேசையில் நூறு பேர் நின்றார்கள். பெட்டிகளில் கலர்ச் சீட்டு கட்டி நள்ளிரவுக்குள் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். காலையில் துறைமுகக் கொட்டகையில் அந்தக் கலர் வரிசையில் கிடக்கும். வைக்கும் முன் மறுநாள் போடவேண்டியதையெல்லாம் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். செருப்பு உட்பட. அம்மா எல்லாவற்றையும் நேர்த்தியாக அடுக்கி அனுப்பிவிட்டு, காலையில் பட்டுப்புடவையும் அறையில் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்புமாக ஜெனோவாவில் இறங்கினார்.